கல்லில் பெயர் உள்ள பிள்ளையின் ஒப்படை

போன கிழமை சுகன்யா ரீச்சர் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். எங்கள் வலயத்தில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிற இளம் ஆசிரியை. “மிஸ், மொழிபெயர்ப்பு நாவல் ஒப்படைக்கு நீங்க வச்சிருந்த புள்ளித்திட்டம் இருந்தா அனுப்புங்க. அடையாளத்துக்கு எத்தின, நினைவுக்கு எத்தின, உண்மைக்கு எத்தின எண்டு பிரிச்சுப் போட்டிருந்தா நல்லம். இந்த முறை புள்ளைகள் முழுக்கப் போன்ல எழுதுவிச்சுக்கொண்டு வாறாங்க. எனக்குப் பைத்தியம் பிடிக்குது.”

எனக்கும் பிடித்தது. உண்மைக்கு எத்தனை புள்ளியாம்! மூன்று தரம் பதில் எழுதி மூன்று தரமும் அழித்தேன். சுகன்யா நல்ல பிள்ளை, அவர் மேல் கோபமில்லை. அவரைப்போல நானும் முப்பத்துமூன்று வருடம் அந்தப் புள்ளித்திட்டத்தைத் தேடித் திரிந்தவள்தான். கடைசியில் கிடைத்தது திட்டமில்லை, ஒரு நல்ல குட்டு. அது எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். புள்ளியை அவரே பிரித்துக்கொள்ளட்டும்.

நான் செட்டிபாளையத்துக்காரி. படித்த கதையை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த வருடங்களில் பாதி நாள் வளாகம் மூடிக் கிடந்தது. முதல் நியமனம் வாவிக்கு அக்கரையில். காலையில் துறைக்கு ஓடுவேன்; நாங்கள் ‘பாதை’ என்று சொல்கிற மிதவை அப்போதுதான் கரையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். அடுத்தது வரும்வரை சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பேன். படிப்பித்த காலத்தையும் காத்து நின்ற காலத்தையும் கூட்டிப் பார்த்தால் இரண்டாவதுதான் கூட வரும். பிறகு பயிற்சிக் கல்லூரி, பிறகு பட்டணத்துப் பாடசாலை, பிறகு வருடத்தில் இரண்டு கிழமை ஒப்படைகளைப் பார்க்கிற குழுவில் இடம். அந்த இரண்டு கிழமையில்தான் என் தலைமயிர் நரைத்தது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாடசாலைகளில் இருந்து ஒப்படைகள் சணல் கயிற்றால் கட்டி வரும். முதல் பார்ப்பவர் சிவப்பு மை. இரண்டாம் பார்ப்பவர் பச்சை மை. இருவருக்கும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் தலைமை மத்தியஸ்தரிடம் போகும். அவர் பென்சில் மட்டும்தான் பிடிப்பார். பிள்ளை எழுதிய வரிகளுக்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது, எங்கள் எழுத்தெல்லாம் ஓரத்தில். எழுதியதை அழிக்கக்கூடாது. பிழையாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையொப்பமும் திகதியும் போட வேண்டும். வெட்டினாலும் உள்ளே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஏற்படுத்தியவர் எங்கள் தலைமை மத்தியஸ்தர் வேலாப்போடி சேர்.

அவர் மண்டூர்க்காரர். மெலிந்த ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில். ஓய்வுபெற்ற பிறகும் இந்த வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். சத்தம் போட்டு நான் கண்டதில்லை. போட்டிருந்தால் எவ்வளவோ நல்லம், நாங்களும் திருப்பிச் சத்தம் போட்டிருக்கலாம். ஒப்படையைக் கொண்டுபோய் “சேர், இந்தப் புள்ளைக்கு நாவல் விளங்கல்ல” என்றால், கண்ணாடிக்கு மேலால் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

“எங்க கண்ட நீங்க?”

அவ்வளவுதான். எந்தப் பக்கம், எந்த வரி என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஒப்படையைத் திருப்பித் தருவார். சில நாட்களில் ஒரே ஒப்படையை மூன்று தரம் கொண்டுபோய் மூன்று தரம் திரும்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு அடிப்பேன். “இண்டைக்கும் எங்கவா?” என்று என் கணவர் கேட்பார்.

குழுவுக்குப் போன முதல் வருடமே ஒரு பாடம் வாங்கினேன். ஒரு மாணவி தன் ஒப்படையை “இந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை, இதை நம்ப முடியவில்லை” என்று தொடங்கியிருந்தாள். பிடிக்கவில்லையாம்! உலகம் முழுக்கக் கொண்டாடின நாவல். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. முதல் பக்கத்தோடு நிறுத்திச் சிவப்பு மையால் பத்துப் புள்ளி போட்டேன். இரண்டாம் பார்த்தவர் நாற்பது போட்டிருந்தார். வேலாப்போடி சேர் மூன்றாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவள் எழுதியிருந்தாள்: “இதில் வரும் கமக்காரன் ஒரு அதிகாரத்தில் விதைக்கிறான். அதே கிழமை அறுவடை செய்கிறான். மூல ஆசிரியர் இப்படி எழுதியிருக்க மாட்டார். மொழிபெயர்த்தவர் எங்கேயோ ஒரு பந்தியை விழுங்கிவிட்டார். வயல் வட்டைக்குள் கால் வைத்த எவருக்கும் இது தெரியும்.”

நூலகத்தில் இருந்து வேறு பதிப்பு எடுத்துப் பார்த்தோம். பந்தி ஒன்று விடுபட்டுத்தான் இருந்தது. அத்தனை வருடமாக அதைப் படிப்பித்த எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வட்டையில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளையின் கண்ணில் பட்டது. அந்த முறைதான் வேலாப்போடி சேர் சிரித்ததைக் கண்டேன். அவருக்கும் வயல் இருந்தது.

சரி, அன்றிலிருந்து திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெறுகிற வருடம் வந்தது.

அந்த வருடம் கொடுத்தது பனி விழுகிற நாடு ஒன்றின் நாவல். அதில் ஒரு பெண், தன் அண்ணன் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து உள்ளே போன கதையை நாவல் முழுக்கச் சொல்கிறாள். கரையில் நின்று பார்த்தவளாகச் சொல்கிறாள். அவன் தொப்பி மிதந்தது, நாய் குரைத்தது, எல்லாம் சொல்கிறாள். கடைசி அதிகாரத்தில், “நான் அங்கே இருக்கவில்லை. அன்று காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். அம்மா சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிடுகிறாள். ஒப்படைக் கேள்வி இதுதான்: காணாததைக் கண்டதாகச் சொன்னவள் பொய் சொன்னவளா? அடையாளம், நினைவு, உண்மை பற்றி உங்கள் வாழ்க்கை அனுபவம் ஒன்றோடு சேர்த்து எழுதுங்கள்.

நல்ல கேள்வி. தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால் சொல்கிறேன். ஆனால் நல்ல கேள்வியால் என்ன பிரயோசனம்? ஒரு ரியூசன் மாஸ்டர் எல்லாருக்குமாக மாதிரி விடை ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் மேசைக்கு வந்த முதல் கட்டுக்குள் நாற்பது ஒப்படை. முப்பத்தாறு “இந்நாவலானது மனித மனத்தின் ஆழங்களை” என்று தொடங்கியது. அந்த முப்பத்தாறு பேருக்கும் அம்மப்பா ஒருவர் இருந்தார். முப்பத்தாறு அம்மப்பாவும் மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை செத்துப் போனார்கள். எல்லாருமே சாகுமுன் “நன்றாகப் படி” என்று சொன்னார்கள். மாஸ்டர் கொன்ற ஒரே அம்மப்பாவை முப்பத்தாறு தரம் அடக்கம் செய்துவிட்டு எழும்பினேன். தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் மற்ற ரீச்சர்மாரோடு சிரித்தேன்தான், ஆனால் கோபம் ஆறவில்லை. அடையாளம் பற்றி எழுதச் சொன்னால் அடுத்தவன் அம்மப்பாவை இரவல் வாங்கி எழுதுகிறதுகள்!

அந்தக் கொதியோடு வந்து இருந்து எடுத்த அடுத்த ஒப்படை நிலானியுடையது. வாகரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்று. எழுத்து நல்ல வட்டம் வட்டமாக இருந்தது. “இந்நாவலானது” இல்லை. அம்மப்பாவும் இல்லை. முதல் வரியே இப்படி இருந்தது:

“கடல் வந்தபோது எனக்கு நாலு வயது. நான் சிவப்புச் சட்டை போட்டிருந்தேன். அம்மாவின் இடது கையைப் பிடித்திருந்தேன். அம்மா என்னைத் தூக்கக் குனிந்தபோது கை வழுக்கியது. அன்று நான் செத்துப் போனேன். என் பெயர் எங்கள் ஊர் நினைவுக் கல்லில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் விளக்கேற்றும்போது அதைச் சத்தமாக வாசிப்பார்கள். நான் முன்வரிசையில் இருந்து கேட்பேன்.”

முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே பிறந்த திகதி எழுதியிருந்தது. சுனாமி வந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் இந்தப் பிள்ளை பிறந்திருந்தாள். அதற்குக் கீழே ஒரு வரி: ‘விவரிக்கும் அனுபவம் உமது சொந்த அனுபவமா? ஆம் / இல்லை.’ அவள் ஆம் என்பதிலும் சரி போட்டிருந்தாள், இல்லை என்பதிலும் சரி போட்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. கடல் வந்த அன்று காலையில் செட்டிபாளையத்தில் என் அக்காவின் மகள் போனாள். ஏழு வயது. அவளை நாங்கள் மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். அந்த நாளைப் பற்றி நான் வகுப்பில் வாய் திறந்ததில்லை. பிறக்காத ஒருத்தி அந்த நாளை எடுத்து, நாவலில் இருந்து உத்தியைத் திருடி, செத்த பிள்ளையாக வேசம் போட்டுப் புள்ளி கேட்கிறாளே என்று நினைத்தேன். இதைவிட அந்த அம்மப்பாக்கள் எவ்வளவோ மேல். சிவப்புப் பேனையை எடுத்து, ஓரத்தில் அல்ல, அவள் எழுதிய வரிகளுக்கு மேலேயே, பக்கத்தின் நடுவில், பெரிதாக எழுதினேன்: பொய்.

அதோடும் விடவில்லை. பிறர் எழுதியது அல்லது போலி என்று கண்டால் வலயத்துக்கு அறிவிக்கிற நடைமுறை ஒன்று எங்களிடம் இருந்தது. அறிவித்தால் புள்ளி போகும். விடுகைப் பத்திரத்தில் ஒரு குறிப்பும் ஏறும். அந்தக் குறிப்போடு கல்வியியற் கல்லூரிப் பக்கம் தலைவைக்க ஏலாது. நிலானி தன் ஒப்படையின் கடைசி வரியில், ஆசிரியையாக வர ஆசை என்று எழுதியிருந்தாள். அதை வாசித்த பிறகும் அறிவித்தல் படிவத்தை நிரப்பினேன். இப்படிப் பொய் சொல்கிறவள் எங்கள் தொழிலுக்கு வரக்கூடாது என்று நினைத்துத்தான் நிரப்பினேன். இதை எழுதும்போது கூசுகிறது.

வேலாப்போடி சேரிடம் கொண்டுபோனேன். அந்த முறை எனக்குப் பயமே இல்லை. கையில் திகதி இருந்தது.

“பொய் எண்டு எழுதியிரிக்கீங்க. எங்க கண்ட நீங்க?”

விரலை வைத்துக் காட்டினேன். அவர் திகதியைப் பார்த்தார். ஒப்படையை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்தார், பிறகு எழுதாமலே திரும்பவும் காதில் செருகினார்.

“திகதியத்தான் கண்ட நீங்க ரீச்சர். புள்ளையக் கண்ட நீங்களா?”

“அது என்னத்துக்குச் சேர்? கணக்கு நேராத்தானே இரிக்கி.”

“நேராத்தான் இரிக்கி. ஆனா படிவத்தில கையொப்பம் வைக்க முதல் புள்ளையையும் தாயையும் கூப்பிட்டு விசாரிக்கோணும் எண்டு இரிக்கி. நாளைக்குப் போவம்.”

அந்த விதி இருந்தது உண்மை. இருபது வருடத்தில் ஒருவரும் அதன்படி செய்ததில்லை. வாகரைக்கு பஸ்ஸில் போகிற வழி முழுக்க எனக்குள் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். இந்த வெயிலில், ஒரு பொய்க்காரியின் முகத்தைப் பார்க்க, இவ்வளவு தூரம்! அவர் யன்னலோரத்தில் இருந்து கச்சான் கொட்டை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் நீட்டினார். வேண்டாமென்றேன்.

அதிபர் ஒரு வகுப்பறையைத் தந்துவிட்டுப் போய்விட்டார். நிலானி வெள்ளைச் சட்டையில், இரட்டைப் பின்னலோடு வந்தாள். கூடவே தாய் பூமணி. கருவாடு காயப்போடுகிற இடத்தில் இருந்து நேராக வந்ததாகச் சொல்லி, கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்தார். நாலு பேரும் மாணவர் இருக்கிற வாங்குகளில் முகத்துக்கு முகம் இருந்தோம். விசாரணைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மாணவியின் பெயர், பாதுகாவலர் பெயர், உறவு. அடுத்தது: குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை?

“மூத்தவ,” என்றார் பூமணி. “ஒண்டே ஒண்டுதான் எனக்கு.”

‘மூத்தவர்’ என்று எழுதினேன். பிறகு ஒப்படையை விரித்து வைத்தேன். சிவப்பு எழுத்து எல்லாருக்கும் தெரிந்தது. நிலானி அதைப் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை.

“கடல் வந்தது நீ பிறக்க முதல்தானே மகள்?”

“ஓம் ரீச்சர்.”

“அப்ப கையப் பிடிச்சிருந்தன், சட்டை போட்டிருந்தன் எண்டெல்லாம் எழுதியிரிக்கியே. எப்பிடிக் கண்ட நீ?”

அவள் தாயைப் பார்த்தாள். தாய்தான் வாய் திறந்தார்.

“அவ கண்டவதான் ரீச்சர். எழுதினதெல்லாம் சரிதான். சிவப்புச் சட்டைதான். என்ட இடக்கைதான்.”

“அம்மா, அவ அப்ப பிறக்கவேயில்லையே!” என் குரல் உயர்ந்துவிட்டது.

“பிறந்தவ. கடல் கொண்டு போன. மறுகா என்ட வயித்திலயே வந்து பிறந்தவ. குதிக்கால்ல அதே மச்சம் இரிக்கி. இஞ்ச பாருங்க.” குனிந்து மகளின் சப்பாத்தைக் கழற்றப் போனார்.

“விடுங்கம்மா!” நிலானி காலை இழுத்துக்கொண்டாள்.

வேலாப்போடி சேர் மெதுவாகக் கேட்டார். “தங்கச்சி, கடல் கொண்டுபோன புள்ளைட பேர் என்ன?”

“நிலானி.”

“இந்தப் புள்ளைட பேர்?”

“நிலானிதான் சேர். ஒரே ஆள்தானே.”

பிள்ளை ஒன்று போய் அடுத்த பிள்ளை பிறந்தால் போன பிள்ளைதான் திரும்பி வந்தது என்று சொல்வது எங்கள் ஊர்களில் புதிதில்லை. என் அக்காவும் தன் பேத்தியைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒருநாள் சொல்வது வேறு, பதினெட்டு வருடம் அப்படியே நடத்துவது வேறு. பூமணி சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. மூத்த பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை. ஒரு படம் இல்லை. பிறப்புப் பத்திரமும் வீட்டோடு போய்விட்டது. இருப்பது கல்லில் ஒரு பெயர் மட்டும். பூமணி மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது ‘அக்கா’ என்று சொன்னதேயில்லை. “நீ அப்ப சிவப்புச் சட்டை போட்டிருந்த நீ, நீ என்ட கையப் பிடிச்சிருந்த நீ” என்றுதான் சொல்வார். தகப்பன் கடலுக்குப் போகிற ஆள். அந்தக் கதை தொடங்கினால் எழும்பி வெளியே போய்விடுவாராம்.

“அவட பிறந்த நாளுக்குத்தான் வீட்ட பொங்கிப் புக்கை வைக்கிற,” என்றாள் நிலானி, மேசையைப் பார்த்தபடி. “என்ட பிறந்த நாள் பள்ளிக்கூடப் பதிவுல மட்டும்தான் ரீச்சர்.”

இதற்கு மேல் என்ன விசாரணை? அவமானத்தில் என் காது சூடேறியது. ஒரு தாய் தன் இறந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வைத்த வரிகளுக்கு மேல், பேனை நுனி தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, பொய் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மா இதுவரை அதைக் கூர்ந்து வாசிக்கவில்லை. வாசிக்க முதல் சரிசெய்துவிட வேண்டும். சிவப்புப் பேனையைத் திறந்து, ஒற்றைக் கோடு போட்டுக் கையொப்பம் வைக்கக் குனிந்தேன்.

நிலானி தன் கையை அந்தச் சொல்லின் மேல் விரித்து வைத்தாள்.

“வெட்டாதீங்க ரீச்சர்.”

“என்ட பிழை மகள். நான் பிழையா எழுதிப்போட்டன்.”

“இல்ல ரீச்சர். நான் செத்தது பொய்தானே.”

அப்படிச் சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சொன்னாள். “இத்தின வருசமா இதப் பொய் எண்டு ஒருத்தர் சொல்லல்ல. கல்லுக்கு முன்னால என்ட பேர வாசிக்கக்குள்ள எல்லாரும் என்னத்தான் பார்ப்பாங்க. நாவல்ல அந்தப் பொம்புள கடைசியில, நான் அங்க இருக்கல்ல எண்டு சொல்றா. எனக்கு வீட்ட அப்பிடிச் சொல்ல வாய் வருகுதில்ல. அம்மா செத்திருவா எண்டு பயம். எழுதினா நீங்களாவது ஏன் எண்டு கேப்பீங்க எண்டுதான் ரெண்டுலயும் சரி போட்டன்.”

ஏன் என்று கேட்பார்களாம்! கேட்கவா செய்தேன்? அறிவித்தல் படிவத்தை அல்லவா நிரப்பினேன். அவள் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு சரி போட்டிருக்கிறாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

பூமணி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வந்தது கோபம்தான். முகம் கறுத்துப் போனது.

“நீ அவ இல்லையெண்டா, அப்ப அவ எங்க?”

நான் வேலாப்போடி சேரைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க எல்லாரையும் ‘எங்க’ என்று கேட்ட மனிதர், குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமணி மேசையில் தட்டினார். “சொல்லு. அவ எங்க? இவ்வளவு காலமும் நான் ஆரோட இருந்தன்?”

“என்னோட இருந்தீங்க அம்மா,” என்றாள் நிலானி. “அக்கா கல்லில இரிக்கா. நான் இஞ்ச இரிக்கன்.”

அக்கா என்று அவள் சொன்னது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். பூமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். வெளியே இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் கூச்சல் போட்டு, திரும்பவும் மணி அடித்து அடங்கியது. வேலாப்போடி சேர் எழும்பிப் போய்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து பூமணி முன்னால் வைத்தார். அவர் குடிக்கவில்லை.

பிறகு சேர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். அறிவித்தல் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் புள்ளியைப் போட்டார். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், சுகன்யா அதையும் திட்டத்தில் சேர்த்துவிடுவார். அந்தக் கட்டிலேயே கூடின புள்ளி அதுதான் என்று மட்டும் சொல்லலாம். முதல் பக்கத்தின் நடுவில் என் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. விதிப்படி அதை ஓரத்தில் விளக்க வேண்டும். ‘மாணவியின் வேண்டுகோளின்படி வெட்டப்படவில்லை’ என்று எழுதி, கையொப்பம் வைத்தேன். முப்பத்துமூன்று வருடத்தில் நான் எழுதிய விளக்கங்களில் சேர் ‘எங்க கண்ட நீங்க’ என்று கேட்காதது அது ஒன்றுதான்.

விசாரணைப் படிவத்தில் தாய் கையொப்பம் வைக்க வேண்டும். பூமணியிடம் பேனையைக் கொடுத்தேன். அவர் உடனே வைக்கவில்லை. நான் நிரப்பியிருந்த வரிகளை, விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். பெயரைத் தாண்டினார். உறவைத் தாண்டினார். அடுத்த வரியில் விரல் நின்றது.

“ரீச்சர், இந்த மூத்தவ எண்டு போட்டிரிக்கிறத வெட்டுங்க.”

“என்னண்டு போடட்டும்?”

அவர் மகளைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே, கடல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டாவது எண்டு போடுங்க. எனக்கு ரெண்டு புள்ள.”

ஒற்றைக் கோட்டால் வெட்டினேன். பக்கத்தில் கையொப்பமும் திகதியும் போட்டேன்.